ஆற்றில் கரைத்த புளியா?

“தாத்தா, ஆற்றில் கரைத்த புளி என்றால் என்ன?”

சென்ற கோடை விடுமுறையின் தொடக்கத்தில், அடையாற்றிலிருந்து மயிலாப்பூருக்கு நம்மைக் காண வந்திருந்த பன்னிரண்டு வயதுப் பேரன் இவ்வாறு கேட்டான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நமக்கு, மரபுத்தொடருக்குப் பொருள் கேட்கும் பேரன் கிடைத்தால் மகிழ்ச்சிக்குக் கேட்கவா வேண்டும்! நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தோம். சட்டியில் கரைத்த புளி குழம்பாகும். ஆற்றில் கரைத்த புளி யாருக்கும் உதவாமல் போகும். பயனின்றிப் போன உழைப்பை இவ்வாறு சொல்வது வழக்கம் என்று விளக்கினோம். பிறகுதான், “எந்தப் பாடத்தில் வருகிறது?” என்று கேட்டோம்.

“பாடத்தில் இல்லை தாத்தா. கிரிக்கெட் பயிற்சி முகாமில் சேர்த்துவிடுங்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். ‘அதெல்லாம் ஆற்றில் கரைத்த புளி, உன் தாத்தாவைக் கேட்டுப் பார்’ என்றார்.”

அவன் சென்ற பின்பும் வெகுநேரம் அந்த நாற்காலியை விட்டு நாம் எழவில்லை. அந்தத் தொடரை அவன் தந்தைக்குக் கற்றுக் கொடுத்தவர் நாமே அன்றோ!

நம் மகன் பள்ளிப் பருவத்திலேயே பந்து வீசுவதில் ஆர்வம் கொண்டவன். தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்தில் டென்னிஸ் பந்தில் தொடங்கிய ஆட்டம், மெல்ல மெல்ல மெரினா மைதானத்துக்கும் மற்ற மைதானங்களுக்கும் பரவியது. லெக் ஸ்பின் என்னும் அரிய கலை அவனுக்கு வாய்த்தது. மணிக்கட்டைத் திருப்பி, மோதிர விரலால் பந்தின் தையலை இழுத்துச் சுழற்றும் வித்தை அது. நாள்தோறும் இழுத்து இழுத்து அந்த விரலின் ஓரம் காய்த்துப் போயிருந்தது. லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தபடியால், விடியற்காலைத் திருப்பலிக்கு வெள்ளைச் சீருடையிலேயே வந்து, கோவில் வாசலில் வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஓடுவான். பங்கில் பலரும் புன்னகைத்தார்கள். நாம் புன்னகைத்ததாக நினைவில்லை.

1992 ஆம் ஆண்டு, கல்லூரிப் படிப்பு முடியுமுன்பே, ஒரு தனியார் நிறுவனம் தன் அணிக்காக அவனை எடுத்துக்கொண்டது. பெயருக்கு அலுவலகப் பயிற்சியாளர். காலையில் இரண்டு மணிநேரம் கோப்புகள், மதியத்துக்குப் பின் வலைப்பயிற்சி. முதல் மாதச் சம்பளத்தில் தாயாருக்கு ஒரு சேலையும் நமக்கு ஒரு பேனாவும் வாங்கி வந்தான். ஒருமுறை மாநில அணிக்கான உத்தேசப் பட்டியலில் அவன் பெயர் நாளேட்டில் வெளிவந்தது. ஆடும் பதினொருவரில் இடம் கிடைக்கவில்லை. 1995 இல் நிறுவனம் செலவைக் குறைக்க எண்ணி அணியைக் கலைத்துவிட்டது. நான்கு வரிக் கடிதம் ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

அன்று மாலை பல்லவன் பேருந்திலிருந்து பெரிய பையுடன் இறங்கி வீட்டுக்குள் வந்தவனிடம் நாம் கேட்ட முதற்கேள்வி, சாப்பிட்டாயா என்பதன்று. “மூன்று வருஷமும் ஆற்றில் கரைத்த புளிதானே?” என்பதே. அவன் பதில் சொல்லவில்லை. பையைப் பரணில் ஏற்றினான். மறுவாரமே தட்டெழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தான். பிறகு ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் கணக்கராகி, இன்று நல்ல நிலையில் இருக்கிறான். நம் முன்னிலையில் அவன் கிரிக்கெட் பற்றி அதன்பின் ஒரு சொல்லும் பேசியதில்லை. முப்பது ஆண்டுகள்! அதை அமைதி என்று நாம் தவறாக எண்ணியிருந்தோம்.

பேரனின் கேள்விக்குப் பின்னர் உறக்கம் பிடிக்காத சில இரவுகளில், அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி நாம் முதன்முறையாக எண்ணிப் பார்க்கத் தொடங்கினோம். குறுகிய காலம் ஆடி, பட்டியலிலிருந்து பெயர் நீங்கிப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் வாழ்க்கைக்கு என்ன கணக்கு?

கிரிக்கெட் பிறந்த இங்கிலாந்தில் இது வெளிப்படையான தொழில். அங்கே 18 கவுண்டி அணிகள் முதல்தர ஆட்டங்களில் ஆடுகின்றன. ஊதியம் பெற்று ஆடுகிறவர்களை ஒரு காலத்தில் அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதை அறிந்தால் வியப்பாக இருக்கும். செல்வந்தரான அமெச்சூர் ஆட்டக்காரருக்கு, ஆட்ட அட்டையில் முதலெழுத்துகள் பெயருக்கு முன்னால் அச்சாகும். கூலிக்கு ஆடுகிறவருக்குப் பெயருக்குப் பின்னால். உடை மாற்றும் அறைகளும், மைதானத்துக்குள் நுழையும் வாயில்களும் பல இடங்களில் வேறு வேறு. இந்தப் பாகுபாடு 1962 ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஒழிந்தது. பாகுபாடு ஒழிந்தாலும் ஒப்பந்தம் ஒழியவில்லை. இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் இளைஞர்கள் சேர்கிறார்கள். கோடை முழுவதும் ஆடி, செப்டம்பரில் பருவம் முடியும்போது, அடுத்த ஆண்டு வரத் தேவையில்லை என்று சொல்லப்பட்டு வெளியேறுவோர் ஆண்டுதோறும் உண்டு. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் ‘முன்னாள் ஆட்டக்காரர்’ ஆகிவிடும் நிலை அவர்களுடையது.

நம் சென்னையில் அதே கதை வேறு உடையில் நடந்து வந்தது. ஆட்டத்துக்கு ஊதியம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வங்கியிலும், ரயில்வேயிலும், ஆலையிலும், சிமெண்ட் கம்பெனியிலும் ஓர் எழுத்தர் நாற்காலி. அந்த நாற்காலியின் மேல் தொங்கும் சட்டை. ஆள் இருப்பது மைதானத்தில். பலருக்கு அந்த நாற்காலி ஓய்வுக் காலம் வரை சோறு போட்டது. சிலருக்குச் சில ஆண்டுகளிலேயே பறிபோனது.

இவ்வாறு எண்ணத் தொடங்கியதும், நம் ஊரின் குறுங்கால ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள்.

முதலில் எம். ஜே. கோபாலன். செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் 1909 இல் பிறந்து, திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். பர்மா ஷெல் நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டே ஆடியவர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்து அணிக்கு எதிராக அவர் ஆடிய டெஸ்ட் போட்டியே அவரது முதலும் கடைசியுமான டெஸ்ட் போட்டி. அதே ஆண்டு நவம்பர் 4 ஆம் நாள் சேப்பாக்கத்தில், சென்னை அணிக்கும் மைசூர் அணிக்கும் இடையே ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்தபோது, முதற்பந்தை வீசும் பேறும் அவருக்கே கிட்டியது.

கோபாலன் ஹாக்கியிலும் வல்லவர். 1935 இல் தியான்சந்துடன் நியூசிலாந்துக்குச் சென்று ஆடியவர். 1936 ஆம் ஆண்டு அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பெர்லின் ஒலிம்பிக் செல்லும் ஹாக்கி அணி. மற்றொன்று இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணி. கிரிக்கெட்டைத் தேர்ந்தார். பெர்லினில் ஹாக்கி அணி இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 8-1 என வென்று தங்கம் பெற்றது. இங்கிலாந்தில் கோபாலனுக்கு ஒரு டெஸ்ட் போட்டியிலும் இடம் கிடைக்கவில்லை. கணக்குப் பார்ப்பவர்கள் இதை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள் என்று கேட்கத் தேவையில்லை. ஆனால் அவர் சென்னைக்குத் திரும்பி மேலும் பல ஆண்டுகள் ஆடினார். 1952-53 இல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயர் வைத்தார்கள். 2003 டிசம்பரில், 94 வயதில், இதே சென்னையில் மறைந்தார்.

சேப்பாக்கத்தின் அந்த 1934 ஆட்டத்தில் இன்னொருவர் இருந்தார்: ஏ. ஜி. ராம்சிங். மைசூர் அணி 48, 59 ஓட்டங்களுக்குச் சுருண்டு, ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. முதல் இன்னிங்ஸில் 19 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டும் இரண்டாவதில் 16 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டும் எடுத்தவர் ராம்சிங். அவருக்கு ஒரு டெஸ்ட் போட்டிகூட வாய்க்கவில்லை. பின்னர் பல்லாண்டுகள் சென்னையில் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்றுக் கொடுத்தார். மகன் கிருபால்சிங் 1955 இல் ஐதராபாத்தில் தம் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 100 ஓட்டங்கள் எடுத்தார். மற்றொரு மகன் மில்கா சிங்கும் நான்கு டெஸ்ட் போட்டிகளில் ஆடினார்.

வி. வி. குமாரை நாம் எவ்வாறு மறந்தோம் என்பதுதான் விந்தை. அவரும் நம் மகனைப் போல் லெக் ஸ்பின் வீசுகிறவர். 1961 பிப்ரவரியில் தில்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 64 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். அதே ஆண்டு இங்கிலாந்துக்கு எதிராக இன்னும் ஒரே ஒரு டெஸ்ட், அதோடு முடிந்தது. ஆனால் முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்த மொத்த விக்கெட் 599. ஒன்று குறைய அறுநூறு! தேர்வாளர் கதவைச் சாத்திய பிறகும் மனிதர் பந்து வீசுவதை நிறுத்தவில்லை.

டி. இ. சீனிவாசன் என்றால் நம் தலைமுறைச் சென்னைவாசிகள் முகத்தில் இன்றும் சிரிப்பு மலரும். அவ்வளவு நகைச்சுவையாளர். 1980-81 இல் ஆஸ்திரேலியாவில் இறங்கியதும், டி. இ. வந்துவிட்டதாக டென்னிஸ் லில்லிக்குச் சொல்லிவிடுங்கள் என்று செய்தியாளரிடம் கூறினாராம். உலகமே அஞ்சிய வேகப்பந்து வீச்சாளருக்குத் திருவல்லிக்கேணி மெட்டில் ஒரு முன்னறிவிப்பு! அந்தப் பயணத்தின் இறுதியில், 1981 மார்ச்சில் ஆக்லாந்தில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்டில் ஆடி 29, 19 ஓட்டங்கள் எடுத்தார். பிறகு அழைப்பு வரவில்லை. 2010 டிசம்பரில் புற்றுநோயால் அவர் இறந்தபோது, நாளேடுகளில் அவருடைய ஓட்டங்களைவிட அவருடைய பேச்சையே நண்பர்கள் அதிகமாக நினைவுகூர்ந்தார்கள்.

இறுதியாக டி. ஏ. சேகர். 1983 இன் தொடக்கத்தில் பாகிஸ்தான் மண்ணில் இரண்டு டெஸ்ட் போட்டிகளில் வேகப்பந்து வீசினார். ஒரு விக்கெட்டும் விழவில்லை. ஏட்டில் அவருக்கு நேரே இன்றும் பூச்சியந்தான் இருக்கிறது. 1987 இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கப்பட்டு, டென்னிஸ் லில்லி அதற்கு வழிகாட்டியானபோது, ஆண்டுக்குச் சில வாரங்கள் லில்லி வந்து போக, மற்ற நாள்களில் இளைஞர்களின் ஓட்டத்தையும் தோளையும் கால் வைப்பையும் பார்த்துத் திருத்தியவர் சேகர். ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர்கான் ஆகியோர் அங்கே பயின்றவர்கள். அவர்கள் வீழ்த்திய நூற்றுக்கணக்கான விக்கெட்டுகளில் எது எவருடையது என்று பிரித்துச் சொல்ல எந்த ஏட்டிலும் இடமில்லை.

வாசகர்கள் இங்கே ஒரு கேள்வி எழுப்பக்கூடும். சாந்தோமில் உள்ள புனித பீட் பள்ளியில் படித்த அஸ்வின், 106 டெஸ்ட் போட்டிகளில் 537 விக்கெட் எடுத்து, 2024 டிசம்பரில் பன்னாட்டு ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார். அதுவன்றோ வெற்றி? மற்றவையெல்லாம் தோல்விக்குப் பூசிய சந்தனந்தானே?

அப்படியும் சொல்லலாம். குறுகிப் போன வாழ்க்கையில் வலி இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பெயர் விடுபட்ட பட்டியலை நாளேட்டில் தேடிப் படிப்பவனின் காலைப் பொழுது கொடியது. கோபாலனின் தங்கப் பதக்கம் எந்த விளக்கத்தாலும் திரும்பி வராது. சேகரைப் போல் எல்லோருக்கும் இரண்டாம் வாயில் திறப்பதுமில்லை. நம் மகனுக்குத் திறக்கவில்லை. ஆனால் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். அஸ்வின் என்ற ஒருவர் எழ வேண்டுமானால், வாரந்தோறும் எதிரே நின்று ஆடுவதற்கு நூற்றுக்கணக்கானவர்கள் வேண்டும். அவர்களும் அதே வெயிலில் நிற்கிறார்கள். அவர்கள் விரலும் அதேபோல் காய்க்கிறது.

நற்செய்தியில் வரும் தாலந்து உவமையைச் சிறுவயதிலிருந்து கேட்டு வருகிறோம். ஒரே தாலந்து பெற்றவன் கண்டிக்கப்பட்டது, அவனிடம் ஒன்றே ஒன்று இருந்ததற்காக அன்று. அதை மண்ணில் புதைத்ததற்காக. இவ்வுவமையை எத்தனை முறை வகுப்பில் விளக்கியிருப்போம்! மகன் தன் தாலந்தைப் புதைக்கவில்லை. மூன்று ஆண்டுகள் அதை வெயிலில் வைத்து வாணிகம் செய்தான். மண்வெட்டியோடு வாசலில் நின்றவர்கள் நாமே என்பது இந்த முதிய வயதில்தான் விளங்கியது.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், பக்கத்து வீட்டுத் தம்பியை அழைத்துப் பரணிலிருந்து அந்தப் பையை இறக்கினோம். ஜிப்பு துருப்பிடித்திருந்தது. காலுறைக் கவசங்கள் பழுத்த இலை நிறத்தில் இருந்தன. அடியில் ஒரு பழைய பந்து. ஒரு பக்கம் பளபளப்பு மாறாமல், மறுபக்கம் சொரசொரப்பாக. ஆட்டோவில் பையை வைத்துக்கொண்டு, நம் துணைவியாருடன் அடையாற்றுக்குச் சென்றோம். “இதைக் கொடுக்கவா இவ்வளவு தூரம்?” என்று அவர் கேட்டார். “இல்லை, வேறொன்றைத் திரும்ப வாங்க” என்றோம். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், மேலே கேட்கவில்லை.

மகன் பையைப் பார்த்தான். முகத்தில் எதுவும் தெரியவில்லை. உட்காரச் சொல்லிக் காப்பி கொண்டுவரச் செய்தான். அன்று சொன்ன சொல் தவறு என்று சொன்னோம். மூன்று வருஷத்தைப் புளி என்று பழித்தது பெரும் பிழை என்றும் சொன்னோம். ஒத்திகை பார்த்து வைத்திருந்த கோபாலன் கதையும் குமார் கதையும் நாவில் வரவேயில்லை.

அவன் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “மூன்று வருஷம் இல்லைப்பா. இரண்டு வருஷம் ஒன்பது மாதம்” என்றான்.

முப்பது ஆண்டுகளாக மாதம் தவறாமல் அவன் அந்தக் கணக்கை வைத்திருக்கிறான்!

“நீங்கள் சொன்னதால் நான் ஆட்டத்தை விடவில்லை, அப்பா. கடிதம் வந்ததால் விட்டேன். அது யாருக்கும் வருவதுதான். நீங்கள் சொன்னதால் அதைப் பற்றிப் பேசுவதை விட்டேன். நன்றாக வீசிய நாள்கள் எத்தனையோ இருந்தன. வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.”

“இப்போது சொல்லேன்” என்றார் அவன் தாயார்.

சொன்னான். மேட்டிங் விரித்த ஆடுகளத்தில் பந்து எப்படி எழும்பும் என்பதை, ஒரு மூத்த ஆட்டக்காரர் தன்னைப் பாராட்டி மட்டையைத் தட்டியதை, மழைக்கு ஒதுங்கி நின்ற கூரையின் கீழ் பதினொருவரும் இரண்டு பொட்டலம் சுண்டலைப் பகிர்ந்துகொண்டதை. காப்பி ஆறிப்போனது. பேரன் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பேச்சினூடே மகனின் வலக்கை தானாகப் பைக்குள் சென்று பந்தை எடுத்திருந்தது. மோதிர விரல் தையலைத் தேடிப் பிடித்தது. காய்ப்பு மறைந்துவிட்டது; ஆனால் விரலுக்கு இடம் தெரிந்திருந்தது.

புறப்படும்போது பேரன் தயங்கித் தயங்கி, “அப்பா, முகாம்?” என்றான்.

“சேர். படிப்பையும் பார்த்துக்கொள்” என்ற மகன், நம் பக்கம் திரும்பி, “ஒரு நிபந்தனைப்பா. இவனுக்கும் ஒருநாள் கடிதம் வரலாம். வந்தால், அன்று மாலை முதலில் நான் பேசிக்கொள்கிறேன்” என்றான்.

சம்மதம் என்றோம். அன்று அவன் மகனிடம் கேட்கப்போகும் முதற்கேள்வி எதுவாக இருக்கும் என்று நமக்குத் தெரியும். 1995 இல் நாம் கேட்கத் தவறிய கேள்வி அது.